வார்டிலிருந்து மேஜர் ஜெனரல் வரை: வாசகர் கேள்வி – பதில்

ராணுவத்தில் நர்ஸாகச் சேருவது எப்படி, சேர்ந்தபின் எவ்வளவு உயரம் போகலாம் என்று வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். எம்.என்.எஸ். என்று வரும் இடமெல்லாம் மிலிட்டரி நர்சிங் சர்வீஸ் என்று வாசிக்கவும்.

எங்கள் மாவட்டத்தைச் சேர்ந்த ஒருவர் நர்ஸாகச் சேர்ந்து மேஜர் ஜெனரல் ஆனதாகச் செய்தியில் பார்த்தேன். நர்ஸுக்குத் தரப்படும் இந்தப் பதவி வெறும் கௌரவப் பட்டமா, நிஜமான ராணுவப் பதவியா?
*வாசகி, நாகர்கோவில்*

நிஜமான பதவி. எம்.என்.எஸ்.ஸில் சேருகிற நர்ஸ் முதல் நாளிலேயே லெப்டினன்ட். கேப்டன், மேஜர், லெப்டினன்ட் கர்னல், கர்னல், பிரிகேடியர் என்று ஏறி, மேஜர் ஜெனரலில் அந்தப் படிக்கட்டு முடிகிறது. நீங்கள் பார்த்த செய்தி இக்னேஷியஸ் டெலோஸ் ஃப்ளோரா பற்றியதாக இருக்க வேண்டும். கன்னியாகுமரி மாவட்டத்துக்காரரான அவர் 2023-இல் மேஜர் ஜெனரல் ஆனார்.

இந்த வரிசையின் முதல் பெயரைத் தமிழ் வாசகர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்: ஜெர்ட்ரூட் அலிஸ் ராம். 1976 ஆகஸ்ட் 27 அன்று அவர் மேஜர் ஜெனரல் ஆனார். நர்சிங் சர்வீஸின் தலைமைப் பதவிக்கு அப்போது 'மேட்ரன் இன் சீஃப்' என்று பெயர். தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றையும் சேர்த்துப் பார்த்தாலும் அந்த நிலையை எட்டிய முதல் இந்தியப் பெண் அவர்தான். உலக அளவில் அமெரிக்கா, பிரான்ஸ் இரண்டுக்கும் அடுத்து, பெண்ணுக்கு ஜெனரல் அந்தஸ்து கொடுத்த மூன்றாவது நாடாக இந்தியா ஆனது அவரால். டாக்டர், நர்ஸ் அல்லாத மற்றப் பிரிவுகளில் நம் ராணுவம் பெண் அதிகாரிகளைச் சேர்க்கத் தொடங்கியதே 1992-இல்தான். அதற்குப் பதினாறு ஆண்டு முன்பே ஒரு நர்ஸ் அந்த உயரத்தில் இருந்தார். பெண்களும் ராணுவமும் என்று பேச்சு வரும்போதெல்லாம் இந்த வரலாறு விடுபட்டுப் போகிறது. அது நியாயமில்லை.

இன்று அந்தத் தலைமைப் பதவியின் பெயர் கூடுதல் தலைமை இயக்குநர், எம்.என்.எஸ். அலுவலகம் டெல்லியில். தரைப்படை மருத்துவமனைகளுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். மும்பையில் கடற்படையின் அஸ்வினி மருத்துவமனையிலும், பெங்களூரில் விமானப்படையின் கமாண்ட் ஹாஸ்பிடலிலும் பணியாற்றுவது இதே எம்.என்.எஸ். நர்ஸுகள்தான்.

எம்.என்.எஸ். எப்போது தொடங்கியது? இன்னும் பிரிட்டிஷ் காலத்துச் சட்டத்தில்தான் நடக்கிறது என்கிறார்களே?
*வாசகர், கடையநல்லூர்*

1888 மார்ச் 28 அன்று பத்து நர்ஸுகள் பம்பாயில் வந்து இறங்கினார்கள். இந்தியாவின் ராணுவ மருத்துவமனைகளில் நர்சிங்கை ஒழுங்குபடுத்துவது அவர்கள் வேலை. தொடக்கம் அதுதான். 1926 அக்டோபர் 1 அன்று இந்தியர்களுக்கான நர்சிங் சர்வீஸ் உருவானது. இன்றும் அக்டோபர் 1-ஐத்தான் எம்.என்.எஸ். தன் தொடக்க நாளாகக் கொண்டாடுகிறது.

சட்டம் பற்றி நீங்கள் கேள்விப்பட்டது சரி. 1943-இல், இரண்டாம் உலகப் போரின் நடுவில் பிறப்பித்த அவசரச் சட்டம்தான் இன்றும் அடிப்படை. அவசரச் சட்டம் சில மாதங்களில் காலாவதியாகிவிடுமே என்று கேட்கலாம். போர்க்காலத்தில் பிரிட்டிஷ் பாராளுமன்றம் அந்தக் கால வரம்பை எடுத்துவிட்டிருந்தது. அந்த இடைவெளியில் வந்த சட்டங்கள், ரத்து செய்யப்படாதவரை நிலைத்திருக்கும். இதுவும் அப்படி நிலைத்தது.

இதிலிருந்து இரண்டு விளைவுகள். சட்டம் எம்.என்.எஸ்.ஸை ஆயுதப் படைகளின் ஓர் அங்கமாகவும், அதே சமயம் 'துணைப் படை' என்றும் சொல்கிறது. சேருவதற்கான தகுதியைச் சொல்லும் பிரிவு 'பெண்ணாக இருந்தால்' என்று எழுதப்பட்டிருக்கிறது. ஆண் நர்ஸுகளுக்கு வழி இல்லாமல் போனதற்குக் காரணம் அந்தச் சொல். துணைப் படை என்ற சொல்லைச் சுற்றி வழக்குகள் பல நடந்தன. 2003-இல் உச்ச நீதிமன்றம், எம்.என்.எஸ். தனக்கென்று தனித்த ஒரு வகுப்பு, மற்ற அதிகாரிகளோடு எல்லாவற்றிலும் ஒப்பிட முடியாது என்றது. 2024 ஏப்ரலில் அதே நீதிமன்றம், எம்.என்.எஸ்.ஸிலிருந்து விடுவிக்கப்பட்ட ஒருவருக்குப் பஞ்சாப் அரசு வேலையில் முன்னாள் ராணுவத்தினர் சலுகை உண்டு என்று தீர்ப்பளித்தது. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்: தனி வகுப்பு, ஆனால் படையின் அங்கம்.

சம்பளத்திலும் இந்த வேறுபாடு தெரியும். தொடக்க அடிப்படைச் சம்பளம் லெப்டினன்ட்டுக்கு 56,100 ரூபாய், மற்ற அதிகாரிகளைப் போலவே. ஆனால் ஏழாவது ஊதியக் குழுவின்படி ராணுவச் சேவைப் படி மற்ற அதிகாரிகளுக்கு 15,500. நர்சிங் அதிகாரிகளுக்கு 10,800. குண்டடிபட்டவரைத் தூக்கி வரும் இடத்தில் இருவரும் ஒன்றாகத்தான் நிற்கிறார்கள். இந்த 4,700 ரூபாய் வித்தியாசத்தை எங்களால் நியாயப்படுத்த முடியவில்லை.

என் மகள் பிளஸ் டூவில் உயிரியல் படிக்கிறாள். எம்.என்.எஸ்.ஸில் நிரந்தரமாகச் சேர்ந்து மேலே வர வேண்டும் என்பது ஆசை. எங்கே, எப்படி விண்ணப்பிக்க வேண்டும்? எதில் கவனமாக இருக்க வேண்டும்?
*ஒரு தாய், சேலம்*

நான்கு ஆண்டு பி.எஸ்சி. நர்சிங்கை ராணுவக் கல்லூரியிலேயே படிப்பதுதான் நேர் வழி. கல்லூரிகள் ஆறு, இடங்கள் 220: புனே 40, மும்பை 40, லக்னோ 40, பெங்களூர் 40, கொல்கத்தா 30, டெல்லி 30. தங்குமிடம், உணவு இலவசம். சீருடைப் படியும் மாதாந்திர உதவித்தொகையும் உண்டு. படித்து முடித்தால் கமிஷன், அதாவது அதிகாரிப் பதவி. பதிலுக்குப் பணியாற்றுவதாக ஒப்பந்தம் எழுதிக் கொடுக்க வேண்டும். பாதியில் விலகினால் பணம் கட்ட வேண்டியிருக்கும். கையெழுத்துப் போடுமுன் அப்பாவும் அம்மாவும் அந்தத் தாளை முழுக்கப் படியுங்கள்.

முதல் படி நீட். 'டாக்டருக்குத்தானே நீட், நர்சிங்குக்கு எதற்கு' என்று நினைத்து எழுதாமல் விட்ட பிள்ளைகள் ஒவ்வொரு ஆண்டும் வாய்ப்பை இழக்கிறார்கள். நீட் எழுதித் தகுதி பெற்றால் மட்டும் போதாது. ராணுவத்தின் ஆள்சேர்ப்பு இணையதளத்தில் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். அதற்கான அறிவிப்பு வரும். நாட்கள் குறைவாகவே இருக்கும். நீட் மதிப்பெண்ணை வைத்துப் பட்டியல் எடுத்து அழைப்பார்கள். அடுத்து பொது அறிவுத்திறன், ஆங்கிலம் இரண்டிலும் கணினித் தேர்வு, மனநிலை மதிப்பீட்டுத் தேர்வு, நேர்காணல், மருத்துவப் பரிசோதனை.

பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் ஆகியவற்றில் 50 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. அதுவும் ரெகுலர் மாணவியாக, முதல் முயற்சியிலேயே பெற்றிருக்க வேண்டும். மதிப்பெண்ணை உயர்த்த மறுதேர்வு எழுதியவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். தாவரவியல், விலங்கியல் என்று இரண்டு தாளாகப் படித்தவர்கள் இரண்டின் சான்றிதழையும் வைத்திருக்க வேண்டும்.

மருத்துவப் பரிசோதனையை யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை. உயரம் குறைந்தது 152 செ.மீ. மார்பு எக்ஸ்ரே, வயிற்று ஸ்கேன் எடுப்பார்கள். முழங்கால் ஒன்றோடொன்று இடிப்பது, கை நீட்டும்போது முழங்கை அளவுக்கு மீறி வெளிப்பக்கம் வளைவது, உள்ளங்கையில் எப்போதும் ஒழுகும் வியர்வை, முதுகுத் தண்டு வளைவு, மாறுகண் என்று வீட்டில் ஒரு குறையாகவே தெரியாத விஷயங்களில் நிறுத்திவிடுவார்கள். காதுக்குள் குறும்பி அடைத்திருந்ததால் செவிப்பறையைப் பார்க்க முடியவில்லை என்று அலைய வைப்பதும் நடக்கும். ஆறு மாதம் முன்பே ஒரு பொது மருத்துவரிடமும், கண், காது, பல் மருத்துவரிடமும் காட்டி, சரிசெய்யக் கூடியதைச் சரிசெய்துவிடுங்கள். தகுதியில்லை என்று சொன்னால் மேல்முறையீட்டு மருத்துவக் குழு உண்டு. கெடு அந்தத் தாளிலேயே இருக்கும், அதை விட்டால் பிறகு வழியில்லை.

எனக்கு 29 வயது. கோவையில் தனியார் மருத்துவமனை ஐ.சி.யூ.வில் ஆறு ஆண்டு அனுபவம். இப்போது சேர்ந்தால் பிரிகேடியர் ஆக முடியுமா?
*வாசகி, பொள்ளாச்சி*

சேரலாம், பிரிகேடியர் என்பது கடினம். பி.எஸ்சி., போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. அல்லது எம்.எஸ்சி. நர்சிங் முடித்து, மாநில நர்சிங் கவுன்சிலில் நர்ஸாகவும் மிட்வைஃபாகவும் பதிவு பெற்றவர்களை ஷார்ட் சர்வீஸ் கமிஷனில் எடுக்கிறார்கள். வயது 21 முதல் 35 வரை. டிப்ளமோ மட்டும் இருந்தால் போதாது. தமிழ்நாட்டு நர்சிங் கவுன்சிலில் உங்கள் பதிவு புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். படிப்புச் சான்றிதழ் இருந்தும் பதிவு காலாவதியானதால் நேர்காணலில் நிற்பவர்கள் உண்டு.

ஷார்ட் சர்வீஸ் ஐந்து ஆண்டில் தொடங்கி, நீட்டிப்போடு பதினான்கு ஆண்டு வரை போகும். காலியிடம் இருந்தால் நிரந்தரக் கமிஷனுக்கு உள்ளே இருந்தபடியே பரிசீலிக்கப்படலாம். அது நிச்சயம் இல்லை. மேல்பதவிகள் நீண்ட சேவையின் கடைசிப் பகுதியில் வருபவை. 21 வயதில் உள்ளே வந்தவரோடு 29-இல் வந்தவர் அந்த வரிசையில் போட்டி போட வயது இடம் தராது. ஆனால் ஆறு ஆண்டு ஐ.சி.யூ. அனுபவத்தோடு வருபவருக்கு வார்டில் முதல் நாளிலேயே மதிப்பு இருக்கும். பதவி மட்டுமே குறி என்றால் யோசியுங்கள். வேலைதான் குறி என்றால் தயங்காதீர்கள்.

மேட்ரன் என்றால் வார்டைச் சுற்றி வந்து அதட்டுபவர் என்றுதான் தெரியும். உயர்ந்த பதவியில் இருக்கும் ராணுவ நர்ஸ் உண்மையில் என்ன செய்கிறார்?
*வாசகர், தஞ்சாவூர்*

கணக்குப் போடுகிறார். முக்கியமான வேலை அதுதான்.

எட்டுப் படுக்கை ஐ.சி.யூ. என்று வையுங்கள். ஒரு நோயாளிக்கு ஒரு நர்ஸ். எட்டு நர்ஸ் போதும் என்று வெளியே இருப்பவர் சொல்வார். ஒரு படுக்கைக்கு நாளைக்கு மூன்று ஷிஃப்ட், வாரத்துக்கு 21. வார விடுமுறை போக ஒரு நர்ஸ் வாரத்தில் ஆறு ஷிஃப்ட் வருவார். 21-ஐ ஆறால் வகுத்தால் மூன்றரை. விடுப்பு, பயிற்சி, பிரசவ விடுப்பு, இடமாற்றத்தில் பயணம் எல்லாவற்றுக்கும் 30 சதவீதம் கூட்டினால் நாலரைக்கு மேல். எட்டுப் படுக்கைக்கு 36 பேர். இந்தக் கணக்கைத் தாளில் காட்டத் தெரியாத மேட்ரனுக்கு 24 பேர்தான் கிடைப்பார்கள். அப்புறம் இரவு ஷிஃப்டில் ஒரு நர்ஸ் இரண்டு வென்டிலேட்டரைப் பார்ப்பார். மருந்து நேரம் தவறும், சளி உறிஞ்சுவது தள்ளிப்போகும், படுக்கைப் புண் வரும். தவறு அந்த நர்ஸுடையதாகத் தெரியும். வேர் ஆறு மாதம் முன்பு அனுப்பாத அந்தத் தாளில் இருக்கிறது.

ஆக்சிஜனும் அப்படித்தான். பெரிய டி வகை சிலிண்டரில் சுமார் 7,000 லிட்டர். நிமிடத்துக்குப் பத்து லிட்டர் போனால் 700 நிமிடம், பன்னிரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. ஆம்புலன்ஸில் போகும் பி வகையில் சுமார் 1,500 லிட்டர். அதே வேகத்தில் இரண்டரை மணி நேரம். கடைசிக் கால்பங்கை நம்பக் கூடாது என்று கழித்தால் இரண்டு மணி நேரம்கூட முழுதாக இல்லை. மலைப்பாதையில் நான்கு மணி நேரப் பயணம் என்றால் மூன்று சிலிண்டர் ஏற்ற வேண்டும், ஸ்பானரும் கூடவே போக வேண்டும். ஸ்பானரை மறந்து, நிறைந்த சிலிண்டரைத் திறக்க முடியாமல் தவிப்பதைத் தடுக்கத்தான் வண்டி கிளம்புமுன் பட்டியலைச் சத்தமாக வாசிக்கும் வழக்கம்.

ராணுவ மருத்துவமனைக்கு மட்டும் உரியவை சில உண்டு. கவலைக்கிடமானவர்களை எஸ்.ஐ.எல்., உயிருக்கு ஆபத்தானவர்களை டி.ஐ.எல். என்று இரண்டு பட்டியலில் சேர்ப்பார்கள். பட்டியலில் பெயர் ஏறினால் குடும்பத்துக்குச் செய்தி போக வேண்டும். திருநெல்வேலியில் இருக்கும் மனைவிக்குச் செய்தி சரியான நேரத்தில் போனதா என்பது வார்டு நர்ஸ் நிலைமையை எப்போது கவனித்துச் சொன்னார் என்பதில் தொடங்குகிறது. சண்டையோ பெரிய விபத்தோ நடந்தால், அனுமதிக்கப்பட்ட படுக்கைகளுக்கு மேல் எத்தனை போட வேண்டும் என்று ஒவ்வொரு மருத்துவமனைக்கும் முன்கூட்டியே திட்டம் இருக்கும். அந்தக் கூடுதல் படுக்கைகளுக்கு மெத்தை, டிரிப் ஸ்டாண்ட், ஆள் எங்கிருந்து வரும் என்பது அந்த மருத்துவமனை நர்ஸுகளின் தலைவரான பிரின்சிபல் மேட்ரனின் மேசையில் இருக்க வேண்டிய தாள்.

வார்டுகளில் ராணுவ மருத்துவப் படையின் நர்சிங் அசிஸ்டென்ட்கள், அதாவது ஜவான்களும் ஹவில்தார்களும், வேலை செய்கிறார்கள். இவர்களைப் பயிற்றுவிப்பதும் மேற்பார்வையிடுவதும் எம்.என்.எஸ். அதிகாரிதான். முன்னணியில் குண்டுக் காயத்துக்கு முதல் கட்டு போடும் கை, இந்த வார்டில் பழகிய கையாக இருக்கும்.

மேல்பதவிக்கான அஸ்திவாரம் எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டுமா? இரவு எட்டு மணிக்கு டூட்டி மாறும்போது பாருங்கள். மார்ஃபின், பெதிடின் வைக்கும் பெட்டி, பீரோவுக்குள் தனிப் பூட்டோடு இருக்கும். போகிறவரும் வருகிறவரும் சேர்ந்து நின்று ஆம்பியூல்களை எண்ணுவார்கள்; பதிவேட்டில் உள்ள இருப்போடு ஒத்துப்போக வேண்டும். 15 மில்லிகிராம் ஆம்பியூலில் 10 கொடுத்திருந்தால் மீதி 5 என்ன ஆனது, யார் முன்னிலையில் கொட்டப்பட்டது என்று இரண்டு கையெழுத்து இருக்க வேண்டும். ஒன்று குறைந்தால் ராணுவத்தின் உள்விசாரணை (கோர்ட் ஆஃப் என்கொயரி) வரை போகும். 'அப்புறம் எழுதிக்கலாம்' என்று விட்ட ஒரு வரி, இருபது ஆண்டு கழித்தும் ஆவணத்தில் இருக்கும்.

வேலையில் நல்ல பெயர் எடுத்தவர்கள்கூட லெப்டினன்ட் கர்னலோடு நின்றுவிடுகிறார்கள். ஏன்?
*வாசகி, வேலூர்*

ஆரம்பப் பதவி உயர்வுகள் சேவை ஆண்டு நிறைந்தால் வருபவை. அதற்கு மேல் தேர்வுக் குழு. மேலே போகப் போக இடங்கள் சுருங்கும். நூறு லெப்டினன்ட்கள் இருக்கும் இடத்தில் பிரிகேடியர் எத்தனை பேர் என்று பார்த்தாலே தெரியும். அதனால் நின்றுபோனவர்கள் எல்லாம் தகுதி இல்லாதவர்கள் என்று யாரும் நினைக்கக் கூடாது.

குழுவின் முன் நீங்கள் போய் நிற்பதில்லை. உங்கள் தாள்கள் போகின்றன. அவற்றில் கனமானது ஆண்டு ரகசிய அறிக்கை. ராணுவ அதிகாரிகளுக்கான இந்த அறிக்கை 1 முதல் 9 வரை மதிப்பெண் கொண்டது. 9 என்றால் மிகச் சிறப்பு. 8, 7 இரண்டும் சராசரிக்கு மேல். முதலில் எழுதுபவர், மறுபரிசீலனை செய்பவர், அதற்கும் மேலே ஒருவர் என்று படிப்படியாகப் போகும். '7' நல்ல மதிப்பெண் என்றுதான் யாருக்கும் தோன்றும். மேல்பதவிக்கான போட்டியில் எல்லோரும் 8, 9 வைத்திருக்கும்போது நான்கைந்து 7 ஒருவரைப் பின்னுக்குத் தள்ளிவிடும்.

செய்யக் கூடியவை சில உண்டு. அந்த ஆண்டில் செய்ததைத் தேதியோடும் எண்ணோடும் எழுதிக் கொடுங்கள். 'சிறப்பாகப் பணியாற்றினேன்' என்ற வரியை யாரும் நினைவில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். 'அறுவை சிகிச்சை வார்டில் கதீட்டர் தொற்று இவ்வளவிலிருந்து இவ்வளவாகக் குறைந்தது, இந்த முறையை மாற்றியதால்' என்பது நிற்கும். ஐ.சி.யூ., ஆபரேஷன் தியேட்டர், புற்றுநோய், குழந்தைகள் நலம், மனநலம் இவற்றில் ஒன்றில் சிறப்புப் பயிற்சியை இளம் வயதிலேயே முடியுங்கள். எம்.எஸ்சி. முடித்தால் கல்லூரியில் டியூட்டர், வைஸ் பிரின்சிபல், பிரின்சிபல் என்ற இன்னொரு படிக்கட்டும் திறக்கும். மேலே போனவர்களில் பலர் வார்டு நிர்வாகம், கற்பித்தல் இரண்டிலும் கால் வைத்தவர்கள்.

உடல் தகுதியும் பதவி உயர்வில் கணக்கில் வரும். ஷேப் என்ற ஐந்து அம்ச மதிப்பீட்டில் மனநலம், செவி, கை கால், உடல், கண் எல்லாம் முதல் நிலையில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அறுவை சிகிச்சைக்கோ பிரசவத்துக்கோ பின் தற்காலிகமாகக் குறைக்கப்பட்ட நிலையை, குறித்த தேதியில் மறுபரிசோதனைக்குப் போய்ச் சரிசெய்யாமல் விட்டுவிடுபவர்கள் இருக்கிறார்கள். மற்றவர்களை நினைவூட்டி அனுப்பும் நர்ஸ் தன் தேதியை மறந்துவிடுகிறார். காலெண்டரில் குறியுங்கள்.

அநியாயமாக ஒதுக்கப்பட்டதாகத் தோன்றினால், துறைக்குள் முறையீடு, பிறகு சட்டப்படியான முறையீடு, அதற்கும் மேல் ஆயுதப் படைத் தீர்ப்பாயம் என்று வரிசை உண்டு. தீர்ப்பாயத்தின் கிளை சென்னையிலேயே இருக்கிறது. முதல் இரண்டு படிகளைத் தாண்டாமல் நேரே தீர்ப்பாயம் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

திருமணம் செய்துகொண்டால் வேலை போய்விடும் என்று பாட்டி சொல்கிறார். உண்மையா?
*மாணவி, விருதுநகர்*

பாட்டி சொல்வது ஒரு காலத்தில் உண்மை. 1977-இல் வந்த ஒரு ராணுவ ஆணையின்படி திருமணம் ஒரு காரணமாக இருந்தது. அந்த ஆணை 1995-இல் விலக்கப்பட்டது. 1988-இல் இப்படி வெளியேற்றப்பட்ட ஒரு லெப்டினன்ட் தொடர்ந்த வழக்கில், 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்த நடவடிக்கை தன்னிச்சையானது என்று சொல்லி, 60 லட்சம் ரூபாய் இழப்பீடு தர உத்தரவிட்டது. முப்பத்தைந்து ஆண்டு காத்திருந்து கிடைத்த நீதி. இப்போது கல்லூரியில் சேரும்போது திருமணமாகியிருக்கக் கூடாது (விவாகரத்தானவர், கைம்பெண் தகுதியுள்ளவர்களே). பணியில் சேர்ந்தபின் திருமணம் தடையில்லை.

ராணுவ மருத்துவமனையின் தலைவராக நர்ஸ் வர முடியுமா? லெப்டினன்ட் ஜெனரல் ஆன பெண்கள் எல்லாம் நர்ஸுகள்தானே?
*வாசகர், மதுரை*

இரண்டு கேள்விக்கும் பதில், 'இல்லை' என்பதே. புனிதா அரோரா, மாதுரி கனிட்கர், சாதனா சக்சேனா நாயர் ஆகியோர் டாக்டர்கள். 2024 அக்டோபரில் மூன்று படைகளின் மருத்துவத் துறைக்கும் தலைவரான ஆர்த்தி சரினும் டாக்டர். நம் நாட்டில் நர்ஸுக்கு உச்சம் மேஜர் ஜெனரல். மருத்துவமனையின் கமாண்டன்ட் மருத்துவ அதிகாரியாகவே இருப்பார். நோயாளி, வார்டு சார்ந்த அதிகாரத்தில் எம்.என்.எஸ். அதிகாரிக்கு மருத்துவ அதிகாரிகளுக்கு அடுத்த இடம்.

இது இயற்கை நியதி ஒன்றும் இல்லை. அமெரிக்காவில் என்ன நடந்தது என்று பாருங்கள். அங்கே நர்ஸுகள் ராணுவத்தில் 1901-லிருந்து நிரந்தரமாக இருந்தும், நிரந்தரக் கமிஷன் கிடைத்தது 1947-இல். பெண்கள் கர்னலுக்கு மேல் போக முடியாதபடி இருந்த தடையை 1967 நவம்பர் 8 அன்று கையெழுத்தான சட்டம் நீக்கியது. அப்போது ராணுவ நர்ஸ் படையின் தலைவர் அன்னா மே ஹேஸ். 1970 ஜூன் 11 அன்று அவர் பிரிகேடியர் ஜெனரல் ஆனார். அமெரிக்கப் படைகளில் அந்த நிலையை அடைந்த முதல் பெண். முதலில் சட்டம் மாறியது, பிறகுதான் நட்சத்திரம் வந்தது.

அவருக்கும் இந்தியாவுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1943-இல் இளம் லெப்டினன்ட்டாக அவர் வந்து இறங்கியது அசாமின் லெடோ. பர்மா வழியாகச் சீனாவுக்குச் சாலை போட்டுக்கொண்டிருந்தவர்களுக்கான கள மருத்துவமனை அது. மூங்கில் கொட்டகைகளில் வார்டு. மலேரியாவும் வயிற்றுக் கடுப்பும் ஓயாத மழைக்காடு. பின்னால் கொரியப் போர், வாஷிங்டனின் வால்டர் ரீட் மருத்துவமனை, வியட்நாம். தலைவரான பின் அவர் போராடிப் பெற்றவற்றில் ஒன்று, கர்ப்பமான அதிகாரிகளைத் தானாக வீட்டுக்கு அனுப்பும் நடைமுறைக்கு மாற்று. நம் நாட்டில் திருமணத்தையே வெளியேற்றும் காரணமாக்கிய அந்த 1977 ஆணை இதற்கெல்லாம் பிறகு வந்தது என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

அடுத்த கட்டம் 2011 டிசம்பர். பாட்ரிசியா ஹோரோஹோ, ஒரு நர்ஸ், லெப்டினன்ட் ஜெனரலாகி அமெரிக்க ராணுவத்தின் சர்ஜன் ஜெனரல் ஆனார். டாக்டர்கள் உட்பட அந்த மருத்துவத் துறை முழுவதும் அவர் தலைமையில் வந்தது. அதற்கு முன்பே அவர் மருத்துவமனைகளுக்கும் ஒரு பிராந்தியத்தின் மருத்துவப் பிரிவுக்கும் தலைவராக இருந்திருக்கிறார். நிர்வாகத் திறமையை நிரூபித்தவர் யாராக இருந்தாலும் மருத்துவமனைத் தலைமை தரலாம் என்று அங்கே விதி திறந்துவிடப்பட்டதால் இது முடிந்தது. நம்மிடம் 36 பேர் கணக்கையும், கூடுதல் படுக்கைத் திட்டத்தையும் முப்பது ஆண்டு கையாண்ட பிரிகேடியர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு மருத்துவமனையை ஒப்படைக்க விதி தவிர வேறு தடை எதுவும் எங்களுக்குத் தெரியவில்லை.

ரயில் நிலையத்தில் சீருடையில் ஒருவரைப் பார்த்தால் என்ன பதவி என்று எப்படி அறிவது? மேஜர் ஜெனரலுக்கு 'டூ ஸ்டார்' என்கிறார்கள், தோளில் ஒன்றுதானே இருக்கிறது?
*பள்ளி மாணவன், அரக்கோணம்*

தோளைப் பார். இரண்டு நட்சத்திரம் லெப்டினன்ட், மூன்று கேப்டன். சிங்கச் சின்னம் மட்டும் இருந்தால் மேஜர். சிங்கமும் ஒரு நட்சத்திரமும் லெப்டினன்ட் கர்னல், சிங்கமும் இரண்டும் கர்னல், சிங்கத்தோடு முக்கோணமாக மூன்று இருந்தால் பிரிகேடியர். மேஜர் ஜெனரலின் தோளில் குறுக்காக வைத்த வாளும் கோலும், மேலே ஒரு நட்சத்திரம். 'டூ ஸ்டார்' என்ற எண்ணிக்கை தோளுக்கு உரியதல்ல. சட்டைக் காலரின் சிவப்புப் பட்டையிலும் காரின் முன் பலகையிலும் பிரிகேடியருக்கு ஒன்று, மேஜர் ஜெனரலுக்கு இரண்டு இருக்கும். அங்கே எண்ணிப் பார்.